தெரிந்திருந்தால் வந்திருப்பாராம்

மொழிபெயர்ப்பாளர் அறையில் மின்விசிறி ஓடியும் அக்காவுக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது. அத்தான் கப்பலிலேயே மாரடைப்பில் போய் எட்டு மாதமாகிறது. அதற்கு முந்தைய மாதம் அக்கா ஆபரேஷன் செய்துகொண்டு கிடந்தபோது அவர் வரவில்லை. ஒரு போன்கூட இல்லை. கம்பெனி ஆபீஸ் மூலம் சொல்லி அனுப்பியிருந்தோம். சேதி போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் மனுஷன் வரவில்லையா? இந்த ஒரு கேள்வி அவளைச் சோறு தின்ன விடவில்லை. கடைசியில் அவரோடு வேலை பார்த்த துருக்கிக்காரர் ஒருவரின் எண் கிடைத்தது. துருக்கி மொழி தெரிந்த இந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தது நான்தான். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

ஸ்பீக்கரில் அந்த மனிதர் கடகடவென்று பேசி முடித்தார். அவள் நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டாள்.

"ஆபரேஷன்னு தெரிஞ்சிருந்தா நீந்தியாவது வந்திருப்பாராம்."

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்பாடா, கிளம்பலாம் என்று எழுந்தேன்.

"உக்காருங்க சார்," என்றாள் அவள். "அவங்க பாஷையில இப்படிச் சொன்னா, கேள்விப்பட்டதுன்னு மட்டும்தான் தெரியும். நம்ம 'வந்திருப்பாராம்' மாதிரி. யார் சொல்லிக் கேட்டார்னு விசாரிச்சிடறேன்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஏம்மா, இப்பதான் அவ மூச்சு விடறா. சும்மா கிடந்த சங்கை ஏன் ஊதிக் கெடுக்கிறே?"

"இந்தச் சந்தேகம் நாளைக்கு அவங்களுக்கே வரும் சார். அப்ப நான் பக்கத்துல இருக்க மாட்டேன்."

கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கி வந்த பதிலைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். துருக்கிக்காரர் அதை அத்தான் வாயால் நேரில் கேட்கவில்லையாம். கப்பலின் துருக்கிச் சமையல்காரர் சொன்னாராம். அத்தான் கடைசி நாட்களில் அந்தச் சமையல்காரரோடுதான் பேசிக்கொண்டிருந்தாராம்.

அடேயப்பா, என்ன பெண் இவள்! என் கோபத்துக்கும் அஞ்சவில்லை, அக்காவின் கண்ணீருக்கும் வளையவில்லை. இப்படி நேர்மையான வாயை எங்கள் குடும்பத்தில்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் அக்கா? நொறுங்கிப்போய்விடுவாளோ என்று பயந்து அவளைப் பார்த்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தச் சமையல்காரர் நம்பர் இருக்கான்னு கேளும்மா."

இருந்தது. அவள் அந்த எண்ணைப் போட்டதும் ஸ்பீக்கரில் எங்கோ மணி அடிக்கத் தொடங்கியது. அக்கா நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தனக்கு ஒரு சொல்லும் புரியாத அந்த மொழிக்காகக் காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள்.