மீதி எத்தனை பேர்

உக்கடத்தில் பழைய புத்தகம் விற்கும் யூனுஸ், அந்த ரெண்டு புத்தகத்தையும் என் பெண்டாட்டி அன்புச்செல்வி கையில் கொடுத்தபோது, "என்ன பாஷைன்னே தெரியலீங்க அக்கா. படம் நல்லா இருக்குது. பாப்பா கிழிச்சு வெளையாடட்டும்" என்றான். ரேஸ்கோர்ஸ் பக்கம் குடியிருந்த ஜப்பான் குடும்பம் ஒன்று ஊர் திரும்பும்போது போட்டுவிட்டுப் போனது. ஒன்று ஒண்ணாம் வகுப்புக் கணக்கு. இன்னொன்று மூணாம் வகுப்பு அறிவியல். அன்பு தேடிப்போனதே அந்தப் பாஷைப் புத்தகத்தைத்தான்.

கணபதியில் ஒரு பம்பு கம்பெனி. அவள் செக்கிங் செக்சன், நான் பவுண்டரியில் கரிமண்ணில் அச்சுப் போடும் மோல்டர். தொண்ணூத்தாறில் கம்பெனி ஜப்பான்காரர்களோடு கூட்டுச் சேர்ந்தது. செக்கிங்கிலிருந்து ஒரே ஒரு ஆளை ஆறு மாசம் அங்கே பயிற்சிக்கு அனுப்புவார்கள், பாஷை கொஞ்சமாவது வரவேண்டும், மூணு மாசம் டைம் என்று நோட்டீஸ் போட்டார்கள். போய்வந்தால் இன்ஸ்பெக்டர். போகாவிட்டால் தற்காலிகம் என்ற பேரோடு இவளுக்கு ஏழாவது வருசம்.

ஆறு பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஆளுக்கொரு ஜெராக்ஸ் தாள் தந்தார்கள். அதில் ஜப்பான் எழுத்து, பக்கத்தில் இங்கிலீசில் உச்சரிப்பு. அதோடு சரி. மற்ற அஞ்சு பேரும் ஆம்பளைகள். ஆர்.எஸ்.புரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மாஸ்டரிடம் பாஷை படிக்கப் போனார்கள். அந்த நேரத்தில் இவளுக்குப் பாப்பா, அடுப்பு, மாவு.

"கணக்குக்கு விடை எனக்குத் தெரியுமில்லீங்க? அப்பக் கேள்வி என்னன்னு கண்டுபுடிக்க மாட்டனா?" என்றாள்.

அப்படித்தான் கண்டுபிடித்தாள். படத்தில் அஞ்சு ஆப்பிள். ஒருத்தன் ரெண்டைத் தின்கிறான். கீழே மூணு. அப்ப 'நொகொரி' என்றால் மீதி. 'அவசெதே' என்றால் சேர்த்தால். அறிவியலில் காந்தம், நிழல், பட்டாம்பூச்சி. காந்தத்தில் இழுப்பதும் தள்ளுவதும் தெரிந்தது. நிழலில் காலையும் சாயங்காலமும் தெரிந்தது.

என் வேலை புத்தகம் பிடிப்பது. விடிகாலை சிறுவாணித் தண்ணி வரும்போது குழாயடியில் அவள் குடம் பிடிப்பாள். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் கண்ணுக்கு நேராகப் புத்தகத்தை விரித்துப் பிடிப்பேன்.

"சீமையிலயே இல்லாத கூத்தா இருக்குது. ஆம்பளை புஸ்தகம் புடிக்கறான், பொம்பளை படிக்கறா" என்பார் பக்கத்து வீட்டு ராசம்மாள்.

"குடத்தையும் அவரே புடிக்கறேன்னாருங்கக்கா. நாந்தான் வுடலை" என்பாள் அன்பு.

பொய். நான் அப்படிச் சொன்னதே கிடையாது.

கணக்குப் புத்தகத்தில் பிள்ளைகள் கிழங்கு தோண்டுகிற பக்கம் ஒன்று இருந்தது. புதுத் தொப்பி, வெள்ளைச் சட்டை, எல்லாம் சிரித்துக்கொண்டு தோண்டுகின்றன. அதைப் பார்த்துவிட்டு இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தியூர்ப் பக்கம் அப்பன் ஆத்தாளோடு மஞ்சள் தோண்டி வளர்ந்தவள். கொத்துப் பட்ட தழும்பு இன்னும் கட்டை விரலில் வெள்ளையாகக் கிடக்கிறது. அந்த விரலில்தான் மைக்ரோமீட்டர் திருகுவாள். மில்லியில் நூறில் ஒரு பங்குகூடத் தப்பாது.

இன்டர்வியூ அன்றைக்கு மேனேஜர் வெங்கடபதி என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். பொம்பளையைத் தனியாக அனுப்புவதென்றால் புருசன் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். மற்ற அஞ்சு பேரின் பெண்டாட்டிகளை யாரும் கூப்பிடவில்லை. கரிமண் படிந்த காலோடு ஏசி ரூம் ஓரமாக நின்றேன்.

ஆள் எடுக்க வந்திருந்த ஜப்பான்காரர் சிரித்த முகமாக ஏதோ கேட்டார்.

"உன்னைப் பத்தி, குடும்பத்தைப் பத்திச் சொல்லச் சொல்றாரும்மா" என்றார் வெங்கடபதி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ரெண்டு புத்தகத்திலும் 'என் பேர்' கிடையாது. வணக்கம் கிடையாது. நன்றி கிடையாது. முக்கோணம் இருந்தது. மூணு மாசமாக ரெண்டு பேருமே அதை நினைக்கவில்லை.

"பரவால்லம்மா" என்று வெங்கடபதி ஃபைலை மூடப் போனார்.

"அம்மணி, கணக்காச் சொல்லு!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் ஜப்பான் பாஷையில் ஆரம்பித்தாள். "அப்பா மூணு பெட்டி தோண்டினார். அம்மா ரெண்டு பெட்டி தோண்டினார். பிள்ளை ஒரு பெட்டி தோண்டினாள். சேர்த்தால் எத்தனை?" அவள் சொல்ல வந்தது மஞ்சள் மூட்டை; மூட்டைக்கு அவளிடம் வார்த்தை இல்லை.

ஜப்பான்காரர் முழித்தார். பிறகு, "ஆறு" என்றார். இவள் சரி என்று தலையாட்டினாள்.

"நூறு ஷாஃப்ட் அளந்தாள். கெட்டது நாலு. மீதி எத்தனை?"

"தொண்ணூத்தாறு." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வீட்டில் மூணு பேர். ஒருத்தர் ஜப்பான் போகிறார். மீதி எத்தனை பேர்?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நொகொரி?" என்றார்.

"ஃபுதாரி" என்றேன். ரெண்டு பேர். மூணு மாசம் புத்தகம் பிடித்தவன், இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்ததில்லை.

அன்பு அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஆறு மாசம் கழித்து ஒருத்தர் வருகிறார். சேர்த்தால்?"

"சன்னின்." மூணு பேர்.

"நீயும் படிச்சியாய்யா?" என்றார் வெங்கடபதி.

"இல்லீங்க. புஸ்தகம் புடிச்சேனுங்க."

சம்மதத் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். பக்கத்திலேயே கரிமண் விரல் ஒன்று பதிந்துவிட்டது. துடைக்கப் போனேன், ஜப்பான்காரர் வேண்டாம் என்று கை காட்டினார். சாயங்காலமே சொல்லிவிட்டார்கள், அவள்தான் என்று. மற்ற அஞ்சு பேரும் பேர் சொன்னார்களாம், ஊர் சொன்னார்களாம், வணக்கம் போட்டார்களாம். நூறில் நாலு கெட்டது என்று மறைக்காமல் சொன்னவள் இவள் ஒருத்திதானாம்.

மறுநாள் குழாயடியில் குடத்தை என் கையில் திணித்தாள்.

"இப்பவே பழகிக்கோங்க" என்றாள். பாப்பாவைத் தன் இடுப்புக்கு மாற்றி, புத்தகத்தை விரித்தாள்.

ராசம்மாள் வாயைத் திறக்கும் முன்னால் இவளே ஆரம்பித்துவிட்டாள். "அவரே புடிக்கறேன்னு ஒரே அடம்ங்கக்கா. நாந்தான் சரி போனாப் போகுதுன்னு வுட்டேன்."

குடம் நிரம்பியதும் அடுத்த குடத்தை நானே எடுத்து வைத்தேன்.