பன்னிரண்டாவது ஆள்

அந்தக் கடலோர ஊரில் காலை ரயிலில் பன்னிரண்டாவதாக ஏறுகிறவர், அடுத்த நொடியே பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருப்பார். டிக்கெட்டும் குடையும் கையில் அப்படியே இருக்கும். மூன்று வருடமாக இப்படித்தான். உப்புக்காற்றால் பெட்டிக்கு ஏதோ கோளாறு என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். உண்மையான காரணம் ஒருவனுக்குத் தெரியும். எத்தனை பேர் பயணம் போகிறார்கள், இருக்கிற ரயில்கள் போதுமா என்று பார்க்க, ஒரு நாள் முழுக்க ஆள் எண்ணும் வேலையை ரயில்வே அவனிடம்தான் கொடுத்திருந்தது. பதினொரு பேரை எண்ணியபோது தூறல் விழுந்தது. யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று வீட்டுக்குப் போய் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினான். படிவத்தில் பதினொன்று என்று எழுதினான். ஆறு ரயில் ஒன்றானது, எட்டுப் பெட்டி ஒன்றானது. அந்தப் பெட்டியும் எழுதியதற்கு மேல் ஒருவரை ஏற்கவில்லை.

தினமும் நானூறு பேர் நின்றார்கள், முறை வைத்து ஏறினார்கள். சிறுநீரகம் கெட்டுப்போன அவனுடைய அக்கா மட்டும் வாரம் மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அவளுக்கும் துணைக்குப் போகும் அவனுக்கும் யாராவது இடம் விட்டார்கள். அவன் முள்மேல் உட்கார்ந்திருப்பது போல் போய்வந்தான்.

ஒரு நாள் மீன்காரம்மா தன் முறையை அவனுக்கு விட்டபோது தாங்கவில்லை. இறங்கி நின்று சொன்னான். "நான்தாங்க காரணம். மழைன்னு வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டேன்."

"தெரியும் தம்பி. என் வீட்டைத் தாண்டித்தானே போனே? உங்க அக்கா முகத்துக்காகத்தான் யாரும் வாயத் திறக்கல" என்றார் மீன்காரம்மா.

அவன் கூனிக்குறுகிப் போனான். ஜன்னலில் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மழை நாளில் அவன் தூங்கியது அவள் வீட்டில்தான்; அவளுக்கும் எல்லாம் தெரியும்.

மீன்காரம்மாவின் தோளைத் தொட்டு "பன்னிரண்டு" என்றான். அவர் ஏறினார், உள்ளேயே நின்றார். பதிமூன்று, பதினான்கு என்று நானூறு பேரும் அந்த ஒரே பெட்டியில் நெரிசலில்லாமல் அடங்கினார்கள். கடைசியாக ஏறிய அவன் மட்டும் பிளாட்பாரத்தில் நின்றான். எண்ணுகிறவனை எண்ண ஆளில்லை.

அன்றிலிருந்து தினமும் எண்ணுகிறான், மழையிலும்தான். ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு மீன்காரம்மா துணையிருக்கிறார். சாயங்காலம் அவள் இறங்கும்போது கைப்பிடித்துக் கூட்டிப்போகிறான். அவள் அந்த மழை நாள் பேச்சை எடுப்பதே இல்லை.

"இன்னிக்கு எத்தனை பேருடா?" என்று மட்டும் கேட்பாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொல்லுவான்.