இருபத்திரண்டு முன்பற்கள்

1

முதலில் ஒப்புதல் வாக்குமூலம். இது கதையாகப் பிறக்கவில்லை. என் அக்கா பல் மருத்துவர். அவள் கிளினிக்கின் பின்னறையில், ரெசின் என்ற கூழைப் பல்லாக மாற்றும் த்ரீ-டி பிரிண்டர் ஒன்று இருக்கிறது. "அதுல ரெசின் ஏன் இவ்வளவு வீணாகுதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுடா. காலேஜ்ல சும்மாதானே உக்காந்திருக்க" என்றாள். அறிக்கையாகத்தான் தொடங்கினேன். இரண்டாவது வரியில் அத்தான் நுழைந்துவிட்டார். அத்தான் நுழைந்த இடத்தில் அறிக்கை நிற்காது.

கதை என்றால் தொடக்கம் வேண்டும். மூன்று அடித்துப் பார்த்தேன்.

குப்பை ஒன்று: மனிதகுலம் பல் விளக்கக் கற்றுக்கொண்ட நாள் முதலாகவே—
(வேண்டாம். பரீட்சை வாடை.)

குப்பை இரண்டு: அவள் "செய்திகள்" என்றாள். நாய் அசையவில்லை.
(எந்த அவள்? எந்த நாய்? தள்ளு.)

குப்பை மூன்று: ரெசின் என்பது ஒளி பட்டால் இறுகும் ஒரு—
(அறிக்கை மறுபடி தலைநீட்டுகிறது.)

மூன்றையும் கிழிக்கவில்லை. ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். ஏன் என்று பிறகு.

2

நாயகி செய்தி வாசிப்பாளர். இன்னும் ஆகவில்லை, அன்று மாலை ஐந்து மணிக்குத்தான் குரல் தேர்வு. மூன்று முறை விண்ணப்பித்து முதல்முறையாக வந்த அழைப்பு. உச்சரிப்பு திருந்தட்டும் என்று பேனாவை முன்பற்களில் கடித்தபடி வாசித்துப் பழகியிருக்கிறாள். பேனா உறுதியானது. பல் அப்படியில்லை.*

பாதி உடைந்த பல்லோடு காலையிலேயே வந்து உட்கார்ந்தாள். 'ச' வரும் இடமெல்லாம் விசில் வந்தது. "செய்திகள்" என்றாள். பக்கத்துச் செருப்புக்கடை நாய் ஓடிவந்து எதிரே உட்கார்ந்தது. "வாசிப்பது" என்றாள். வாலாட்டியது.

"இப்படியே போனா நாய் பிடிக்கிற வண்டியிலதான் வேலை குடுப்பாங்க, டாக்டர்."

"கவலைப்படாதீங்க. ஒரு மணிக்குள்ள பல் ரெடி. எங்க வீட்டுக்காரர் பார்த்துப்பார்."

அக்கா இதுவரை சொன்ன பொய்களில் இது மூன்றாவது பெரியது.

* இங்கே எனக்கே பாத்திரத்தின் மேல் சந்தேகம். பேனா கடித்துப் பல் உடையுமா? நானும் கடித்துப் பார்த்தேன். என் பேனா உடைந்தது. இரண்டு நாள் நீல நாக்கோடு திரிந்த பிறகு அவளை நம்புவது என்று முடிவெடுத்தேன்.

3

பிரிண்டரில் பல் தலைகீழாகத் தொங்கியபடி, ஏடு ஏடாக வளரும். விழுந்துவிடாமலிருக்க முட்டுக்குச்சிகள் உண்டு. வேலை முடிந்ததும் வெட்டிக் குப்பையில் போட வேண்டியவை. (என் முதல் பிரதியிலும் 'உண்மையில்', 'சொல்லப்போனால்' என்று ஏகப்பட்ட முட்டுக்குச்சிகள். வெட்டிவிட்டேன். தழும்பு தெரிந்தால் பொறுத்தருள்க.)

ரெசின் மிச்சமாகட்டும் என்று அத்தான் குச்சிகளைப் பாதியாகக் குறைத்தார். நல்ல மனிதர். பிறகு பல்லை அளந்தார்.

"அரை மயிரிழை பெருசா இருக்கு, மாப்ள."

"அரை மயிரிழை யாருக்கு அத்தான் தெரியப்போகுது?"

"ஈறுக்குத் தெரியும்டா!"

தட்டுக்கு நாலைந்தாக, ஒன்றைவிட ஒன்று துளித்துளி சிறிதாக அடித்துக்கொண்டே போனார். கழுவுவார், அளப்பார், உதட்டைப் பிதுக்குவார், எண் எழுதி ஜன்னலோரத் தட்டில் போடுவார். ரெசின் குப்பையை அப்படியே கொட்டக் கூடாது. வெயிலில் நன்றாக இறுகிய பிறகே கொட்ட வேண்டும் என்பது அக்காவின் சட்டம். ஆக, ரெசின் வீணாகாமலிருக்க இருபத்தோரு பல் வீணாக்கினார்.

இருபத்திரண்டாவதை அளந்தவர் துள்ளினார். "கச்சிதம்!" விளக்குப்பெட்டிக்குள் வைத்து ஒளியில் இறுக்கி, அக்கா அதை அவள் வாயில் பொருத்திப் பார்த்தாள்.

"சொல்லிப் பாருங்க."

"செய்—"

பல் பறந்து நாயின் முன் விழுந்தது. நாய் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மணி மூன்றரை. ரெசின் புட்டி காலி. புதுப் புட்டி மறுநாள்தான் வரும். அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. "வேற டாக்டர் யாராச்சும்…" என்று மட்டும் கேட்டாள், 'ச' வந்துவிடாமல் மிகக் கவனமாகத் தொடங்கி, கடைசியில் மாட்டிக்கொண்டு. நாய் எழுந்து நின்றது.

4

அக்கா புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, எப்ப அளந்தீங்க? வெளிச்சத்துல இறுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான். நேரம் மிச்சமாகுமேன்னு…"

"இறுகினா சுருங்கும்ல?"

அத்தான் தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

அக்கா ஜன்னலோரத் தட்டை இழுத்தாள். காலையிலிருந்து வெயில் காய்ந்த குப்பை. ஒவ்வொன்றாக அளந்துகொண்டே வந்தவள் ஏழாவதில் நின்றாள்.

"பத்தரை மணிக்கே சரியான பல்லை அடிச்சிட்டு, அதுக்கப்புறம் பதினஞ்சு அடிச்சிருக்கீங்க."

"அதெல்லாம் ஆராய்ச்சிம்மா."

"டேய், இதை அறிக்கையில எழுதிக்கோ."

ஏழாவதைக் கழுவி, விளக்குப்பெட்டியில் இன்னும் ஒரு முறை இறுக்கி, ஒட்டினாள். மணி நாலேகால். நாயகி நாற்காலியிலிருந்து எழுந்தாள். நாய் காதை விடைத்துக்கொண்டு தயாராக இருந்தது. நாங்கள் மூவரும் அவளைப் பார்க்கவில்லை, நாயைத்தான் பார்த்தோம்.

"சொல்லும்மா" என்றார் அத்தான், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி.

அவள் வாயைத் திறந்தாள்.

5

இங்கே முடிவு வர வேண்டும். அடித்துப் பார்த்தேன். 'அன்றிரவே அவள் செய்தி வாசிக்க, ஊரே—' பெரிது. 'அத்தான் திருந்தினார்' நம்பும்படியாக இல்லை. 'நாயின் கண்களில் நீர்—' சே.

அக்கா கொடுத்த பக்கமும் தீர்ந்துவிட்டது. புதிதாக ஒரு முடிவு அச்சடிக்க இனி இடமில்லை.

ஆனால் முதல் பகுதியில் ஜன்னலோரம் சில குப்பைகளை வைத்தேனே, இவ்வளவு நேரம் வெயில் பட்டு இறுகியிருக்கும். போய் ஒவ்வொன்றாக எடுத்து இங்கே பொருத்திப் பாருங்கள்.

ரொம்ப நேரம் ஆகாது. மூன்றுதான் இருக்கின்றன. நான் அத்தான் இல்லை.