மூன்று மாதக் கணக்கு

ஷண்ட் வைக்கும் டாக்டரம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கைரேகைக்காரி என்று இன்னொரு பெயரும் உண்டு. ரத்த ரிப்போர்ட்டைத் திறப்பதற்கு முன்னால் நோயாளியின் கையைப் பிடித்துக் குலுக்குவார், கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதையை அழுத்திப் பார்ப்பார். கல்லீரல் சுருங்கியவர்களில் சதையும் கரைந்து போனவர்கள் ஷண்ட்டுக்குப் பிறகு தாக்குப்பிடிப்பது கஷ்டம். இதை எத்தனையோ முறை சொல்லிவிட்டார். யார் காதில் வாங்குகிறார்கள், கேலி பண்ணத்தான் ஆள் இருக்கிறது.

அன்று அவர் குலுக்கியது ஒரு பெயின்டரின் கை. ஆள் குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது, கல்லீரல்தான் இன்னும் மன்னிக்கவில்லை. வயிறு முழுக்க நீர். வாராவாரம் ஊசி குத்தி எடுக்கிறார்கள், அடுத்த வாரமே மறுபடி நிரம்பிவிடுகிறது. கல்லீரலில் முட்டிக்கொண்டு நிற்கும் ரத்தத்துக்கு ஒரு சின்னக் குழாயால் குறுக்குவழி போட்டுக் கொடுத்தால் நீர் சேர்வது குறையும். அந்தக் குழாய்தான் ஷண்ட்.

"கை வலிக்குதுப்பா, விடுங்க," என்றார் டாக்டரம்மா.

"இருபது வருஷமா பிரஷ் பிடிச்ச கை டாக்டர். வயிறு மட்டும்தான் என் பேச்சைக் கேட்க மாட்டேங்குது."

ஆனால் கம்ப்யூட்டர் வேறு கதை சொன்னது. ரத்தப் பரிசோதனையின் அளவுகளைக் கொடுத்தால், ஷண்ட் வைத்தபின் ஆள் மூன்று மாதம் தாண்டுவாரா என்று கணிக்க அது ஒரு நம்பர் தரும். பெயின்டரின் நம்பர் எல்லைக்கு மேலே நின்றது. பெரிய டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"இந்த நம்பரோட வெச்சா மூணு மாசம் தாங்க மாட்டார். மாற்றுக் கல்லீரல் கிடைக்கிற வரைக்கும் நீர் எடுத்தே ஓட்டுவோம்."

"மாற்றுக் கல்லீரல் என்ன சார், கடையிலயா இருக்கு?"

"ஏன், கைரேகை பார்த்துட்டீங்களா?"

"பார்த்தாச்சு. ஆயுசு கெட்டி."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நம்பரை ஏற்றிவிட்டது எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். காமாலை அளவு சுமார்தான், ரத்தம் உறைவதும் பரவாயில்லை. கிரியேட்டினின்தான் எகிறியிருந்தது, அதாவது சிறுநீரகம் திணறுகிறது. கடைசியாக எங்கே நீர் எடுத்தீர்கள் என்று பெயின்டரின் மனைவியைக் கேட்டார்.

"வீட்டுப் பக்கத்து கிளினிக்ல டாக்டர். ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. மூச்சு விட முடியுதுன்னு இவரும் சந்தோஷமா எழுந்து வந்துட்டாரு."

"எடுத்த கையோட மருந்து ஏதாவது ஏத்தினாங்களா?"

"இல்லையே."

டாக்டரம்மாவுக்கு விளங்கிவிட்டது. அவ்வளவு நீரை எடுத்தால் ஆல்புமின் என்ற புரதத்தை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும், இல்லையென்றால் சிறுநீரகத்துக்கு ரத்தம் பற்றாமல் போகும். போதாக்குறைக்கு நீர் பிரியும் மாத்திரையையும் மனுஷர் விடாமல் விழுங்கியிருக்கிறார்.

"கிட்னி கெட்டுப் போகல சார், காய்ஞ்சு கிடக்கு. முதல்ல அதைத் தேத்துவோம், அப்புறம் நம்பர் போடுவோம்," என்று அடித்துச் சொன்னார். மாத்திரையை நிறுத்தி ஆல்புமின் ஏற்றினார். இரண்டே நாளில் கிரியேட்டினின் இறங்கியது, நம்பரும் எல்லைக்குள் வந்துவிட்டது. பெரிய டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, வைங்க," என்றார்.

சம்மதக் கையெழுத்துப் போடப்போன மனைவி பேனாவை மூடிவிட்டார்.

"முந்தாநாள் தாங்க மாட்டார்னு சொன்னீங்க. இன்னிக்குத் தாங்குவார்ங்கறீங்க. நான் எதை நம்பறது?"

நியாயமான கேள்விதான். டாக்டரம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முந்தாநாள் நாங்க அவசரப்பட்டுட்டோம்மா. இவரை மாதிரி பத்துப் பேருக்கு வெச்சா ஒம்போது பேர் மூணு மாசத்தைத் தாண்டிடறாங்க."

"அந்தப் பத்தாவது ஆள் இவரா இருந்தா?"

"இருக்க மாட்டார்."

மனைவி பேனாவை மறுபடி திறந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஷண்ட் சுலபமாகவே உள்ளே போய் உட்கார்ந்தது. முதல் மாதம் பெயின்டர் வந்தபோது வயிறு பாதியாக வற்றியிருந்தது. இரண்டாம் மாதம் அவர் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவும் ஆள் இல்லை. "வேலையில மும்முரமா இருப்பார்," என்று டாக்டரம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்று மாதம் முடிந்து ஒரு காலை, வெளிநோயாளிகள் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி மட்டும் வந்தார். கையில் பழைய ஃபைல். பின்னால் யாரும் இல்லை. டாக்டரம்மா எதிரே உட்கார்ந்திருந்த நோயாளியைப் பாதியில் விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"அவர்..."

"கீழ வண்டி நிறுத்த இடம் தேடறாரு டாக்டர். ரெண்டு மாசமா வெளியூர்ல வேலை, போனையும் தொலைச்சுட்டாரு. இன்னிக்கு நான்தான் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

டாக்டரம்மா மூக்கை உறிஞ்சினார். மேஜையில் கிடந்த காகிதத்தை எடுத்துப் பார்ப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"வருவார்னு எனக்குத் தெரியும்," என்றார்.

"தெரிஞ்சா உட்கார்ந்தே இருந்திருப்பீங்களே டாக்டர்," என்றார் மனைவி.