ஆண்கள் வரிசையில் ஒருத்தி

"சும்மா வாயை மட்டும் அசைங்க. சத்தம் வேண்டாம்" என்று கடைசி ஒத்திகையில் பாடகர் குழுவின் மாஸ்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவளுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடமாக இந்தத் தேவாலயத்தில் பாடுகிறாள். போன வருடம் ஆபரேஷன் என்று தொண்டையில் கத்தி வைத்தார்கள். உயிர் தப்பியது, குரல்தான் ஆண்பிள்ளைக் குரலாக அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அது அவள் செய்த குற்றமா?

தவக்காலக் கச்சேரி. பிரெஞ்சு பக்திப் பாடல்கள் ஐந்து. இரண்டு மாதமாக எல்லோரும் நாக்கைச் சுளுக்கிக்கொண்டு கற்றவை. தவக்காலத்தில் அங்கே ஆர்கனைத் தொடமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மாஸ்டர் சுருதி பார்க்கும் இரும்புக் கவையை, அந்த இசைக்கவையைத் தட்டிக் காதில் வைத்து, வரிசை வரிசையாகத் தொடக்கச் சுரத்தை முனகிக் கொடுப்பார்.

கச்சேரியில் முதல் இரண்டு பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தாள். தொட்டியில் கிடக்கும் மீனுக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு. மூன்றாவதற்கு முன் பாட்டு ஏட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பக்கத்தில் நின்ற தங்கை கையைப் பிடித்தாள்.

"அக்கா, எங்க போற? மானத்தை வாங்காதே!"

"பொம்மையா நிக்க எனக்கு இஷ்டமில்லை. கையை விடு."

பின்னால் ஆண்கள். கீழ்க்குரலுக்கு மூன்றே பேர். அதிலும் ஒருவருக்கு ஜலதோஷம். இத்தனை வருடம் அவர்களுக்கு முன்னால் நின்று நின்று அவர்கள் பாடுவதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். "வாங்கம்மா" என்று அவர்களில் ஒருவரான பஸ் டிரைவர் நகர்ந்து இடம் விட்டார்.

மாஸ்டரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கண்ணாலேயே 'போ' என்றார். அவள் அசையவில்லை. பெண்களுக்குச் சுரம் கொடுத்தார், மேல்குரல் ஆண்களுக்கும் கொடுத்தார். கீழ்க்குரல் பக்கம் திரும்பாமலே பாட்டைத் தொடங்கக் கையைத் தூக்கிவிட்டார். பாட்டு கெட்டாலும் பரவாயில்லை, அவள் பாடக்கூடாது என்ற வீம்பு.

கச்சேரி நடுவில் பாடகர் வாய்திறந்து பேசுவது அங்கே கேள்விப்படாத சங்கதி.  அவளுக்குக் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"மாஸ்டர், எங்க வரிசைக்கு இன்னும் சுரம் கொடுக்கலையே."

அந்தப் புதுக் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் இசைக்கவையை மறுபடி தட்டி, அவள் முகத்தைப் பார்த்தே முனகினார். அவள் அதை வாங்கிக்கொண்டு தொண்டையை முழுசாகத் திறந்தாள்.