கெட்டி விசை

ராஜாங்கத்தின் குறி ஒருநாளும் தப்பியதில்லை, தப்பியதெல்லாம் பன்றிகள்தான். கச்சிராயபாளையத்து டீக்கடையில் அவர் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். வீட்டில் மனைவி கோகிலவாணியிடம் மட்டும் காரணத்தையும் சேர்த்துச் சொல்வார்.

"துப்பாக்கி விசை கெட்டி. நான் இழுக்கறதுக்குள்ள பன்னி மலையேறிப் பூடுது."

கோகிலவாணி அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று கட்டின புருஷனிடம் எத்தனை தரம்தான் சொல்வது?

துப்பாக்கி அவள் மாமனார் காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் எடுத்து வாங்கியது. அது காக்க வேண்டிய பயிர் மலையடிவாரக் கொல்லையில் இருந்தது. அந்தக் கொல்லையோ கோகிலவாணியின் அப்பா அவள் கல்யாணத்துக்குக் கொடுத்தது. மாப்பிள்ளை மனசு கோணக்கூடாது என்று மகளுக்குக் கொடுக்கிற நிலத்தை மாப்பிள்ளை பேரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார் அந்தப் புண்ணியவான். எழுதியது யார் பேரில் இருந்தாலும் உழைத்தது அவள்தான். மரவள்ளிக் குச்சி நட்டதும் களை வெட்டியதும் அவள். இந்த உலகத்தில் தன்னுடையது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு கொல்லையை மட்டும்தான்.

ராஜாங்கம் கொல்லைக்குச் செய்த உழைப்பெல்லாம் துப்பாக்கிக்குச் செய்த மரியாதைதான். ஆயுத பூசைக்கு டிராக்டருக்கு ஒரு பொட்டு, மருந்தடிக்கும் மிஷினுக்கு ஒரு பொட்டு, அவ்வளவோடு சரி. துப்பாக்கிக்கோ குளிக்கக் குளிக்கச் சந்தனம். கோயில் மூலவர் பார்த்தால் பொறாமைப்படுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். குழலுக்குப் பட்டை, கட்டைக்குப் பட்டை, விசைக்கு மட்டும் விரலால் குழைத்துக் குழைத்து அப்பி, அதன் நடுவில் குங்குமம், மேலே விளக்கெண்ணெய். மறுநாள் துடைப்பாரா என்றால், சாமிக்கு இட்டதைத் துடைக்கலாமா என்பார்.

இந்த வருஷம் கிழங்கு பிடிக்கும் நேரத்தில் பன்றிகள் கூட்டமாக இறங்கின. ஒரு மூலை முழுக்க உழுது போட்டதுபோல் கிடந்தது. கோகிலவாணி அதைப் பார்த்து அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால், ராஜாங்கம் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இந்தக் கொல்லைய வெச்சிக்கினு இனிமே மாரடிக்க முடியாது. உளுந்தூர்பேட்டை காசிநாதன் கேட்டுக்கினே இருக்காரு. ஓட்டலும் லாட்ஜும் கட்டப் போறாராம். குடுத்துடலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தாமலே கேட்டாள்.

"ஏங்க, பன்னிதான் பிரச்சினையா?"

"ஆமா."

"பன்னியச் சுட முடியாததுக்கு விசைதான் காரணமா?"

"பின்ன? என் கையா காரணம்?"

"அப்ப விசைய சரி பண்ணிட்டா கொல்லைய விக்கத் தேவையில்லல்ல? கெளம்புங்க, இன்னிக்கே போலாம்."

ராஜாங்கம் இந்தப் பக்கமும் போக முடியாமல் அந்தப் பக்கமும் போக முடியாமல் விழித்தார். தான் கட்டிய கதையில் தானே மாட்டிக்கொண்ட மனிதனைப் பார்க்க அவளுக்குப் பரம திருப்தி.

துப்பாக்கி வேலை தெரிந்த கடைக்குக் கள்ளக்குறிச்சியையும் தாண்டிப் போக வேண்டும். அவ்வளவு தூரம் யார் போவது? கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டும் ஜெயப்பிரகாஷ் போதும் என்றார் ராஜாங்கம். துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி, பிள்ளையை மடியில் வைத்திருப்பதுபோல் அவள் அவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனாள். தோட்டாக்கள் அவர் சட்டைப்பையில் இருந்தன.

ஜெயப்பிரகாஷ் துப்பாக்கியைக் கழற்றினான். திருப்புளியால் விசையின் இடுக்கைச் சுரண்டினான். மஞ்சளாக ஒரு கட்டி உடைந்து மேசையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"அண்ணா, இன்னாண்ணா இது? சந்தனமா?"

ராஜாங்கம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை அக்கறையாகப் பார்த்தார்.

"எண்ணெயும் சந்தனமும் சேந்து சிமெண்டாட்டம் எறுகிக் கீதுண்ணா. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினா சரியாப் பூடும். வேற கோளாறு ஒண்ணும் இல்ல."

கோகிலவாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கவில்லை. அதைப் பார்த்ததும் ராஜாங்கத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காக ஊரெல்லாம் சொன்ன கோளாறு வெறும் சந்தனமா? அதுவும் தன் கையால் அப்பிய சந்தனமா? அப்படி இருக்கக் கூடாது. இருந்தாலும் ஒத்துக்கொள்ளக் கூடாது.

"உனக்கு இன்னாடா தெரியும்? உள்ளாற கெட்டி. அரம் எடுத்து ராவு."

"ராவுனா ஆபத்துண்ணா. நான் மோட்டார் வேலைக்காரன். இது எனக்கு அவ்ளோ பழக்கம் இல்ல."

"ராவுடான்னா ராவு!"

ராவினான். போதாது என்றார். இன்னும் ராவினான். பூப்போல இருக்க வேண்டும் என்றார். பூப்போலவே ஆனது.

அன்று சாயங்காலமே கொல்லைக்குப் போனார்கள். மரவள்ளி இலைகள் அசைந்தன. ஒரு தாய்ப்பன்றி தன் குட்டிகளோடு, மாமியார் வீட்டுக்கு வந்ததுபோல நிதானமாக வெளியே வந்தது. ராஜாங்கம் தோட்டாவை ஏற்றினார். துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கினார். தூக்குகிற வழியிலேயே அது வெடித்தது. குண்டு மலைப்பக்கமாக எங்கோ போனது. பன்றிகள் தலையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த குழியைப் பறிக்கப் போயின. அவசர அவசரமாக அடுத்த தோட்டாவை ஏற்றினார். ஆனால் இன்னொரு தரம் தூக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் துப்பாக்கியை மூலையில் சாத்தினார்.

"இப்ப ரொம்ப லேசாப் பூட்ச்சி. இத வெச்சி ஒண்ணும் பண்ண முடியாது. காசிநாதன வரச் சொல்றேன்."

கெட்டியாக இருந்தாலும் குற்றம் விசை மேல், லேசாக இருந்தாலும் குற்றம் விசை மேல். கொல்லை கையை விட்டுப் போனது என்றே கோகிலவாணி நினைத்தாள்.

மறுநாள் காலையில் காசிநாதன் வெள்ளை வேட்டியும் தங்கச் செயினுமாகக் காரில் வந்து இறங்கினார். கூடத்தில் நாற்காலி நிறைய உட்கார்ந்தார். மலையோரத்து நிலம், பன்றித் தொல்லை, தண்ணீர் வேறு கம்மி என்று குறைகளாக அடுக்கிக்கொண்டே வந்து, அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னார்.

"அது கொஞ்சம் கம்மிங்க," என்று இழுத்தார் ராஜாங்கம்.

"அப்புறம் இன்னா தம்பி? துப்பாக்கி வெச்சிருக்கிற நீயே ஒரு பன்னியச் சுட முடியல. அந்த நெலத்துக்கு இது ஜாஸ்தி."

ராஜாங்கம் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பெரிய மனிதர் முன்னால் குறி தெரியாதவன் என்று பேர் வாங்கினால் தாங்குமா? எழுந்து போய்த் துப்பாக்கியை எடுத்துவந்தார்.

"என் குறியில கொறை இல்லீங்க. இந்த விசைதான். தொட்டாலே வெடிக்குது. இதோ பாருங்க."

தொட்டார். முந்தின நாள் ஏற்றிய இரண்டாவது தோட்டா உள்ளேயே இருந்தது.

காபியோடு சமையல்கட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள் கோகிலவாணி. குண்டு அவள் காதோரமாகப் போய் நிலைப்படியைப் பிளந்தது. டம்ளர்கள் உருண்டன. காது ரீங்கென்றது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். புகைக்கு நடுவில் ராஜாங்கத்தின் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் பயம் இல்லை, ஜெயித்த களை இருந்தது.

"பாத்தியா? நான் சொன்னப்ப நம்பினியா?"

உயிர் போயிருக்கும். அந்த மனிதன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவளுக்கு அழுகை வரவில்லை. கூடச் சேர்ந்து வாழ்ந்த வருஷங்கள் அத்தனையும் அருவருத்தன.

நாற்காலி காலியாகிக் கிடந்தது. வெளியே கார் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. காசிநாதனின் செருப்பு இரண்டும் வாசலிலேயே இருந்தன.

அவர் உளுந்தூர்பேட்டை போய்ச் சேருவதற்குள் சேதி கச்சிராயபாளையத்தைச் சுற்றிவிட்டது. வழியில் நிறுத்திய கடையிலெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: "வெலைய கம்மியாக் கேட்டதுக்கு மனுசனையே சுடறான்யா!" நிலம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த வேறு ஆட்களும் அதன் பிறகு போனை எடுக்கவில்லை. மத்தியானம் போலீஸ் வந்து துப்பாக்கியையும் லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு, ராஜாங்கத்தை விசாரணைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனது.

ராஜாங்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் பூட்ச்சி. துப்பாக்கியும் போச்சி. இனிமே அந்தக் கொல்லைய எவன் வாங்குவான்?"

கோகிலவாணி மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். படியிறங்கும்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

"எவனும் வாங்க மாட்டான். இத்தினி வருசத்துல அந்தத் துப்பாக்கி என் கொல்லைய வுட்டு வெரட்டினது ஒரே ஒரு பன்னியத்தான். அதுவும் உளுந்தூர்பேட்டைலேர்ந்து வந்த பன்னி."