சக்கரபாணியின் கரவான்

சக்கரபாணி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று 1972இல் புதுச்சேரிக்குத் திரும்பினார். அப்படித் திரும்பிய மற்ற சிப்பாய்கள், ஊர்ப் பேச்சில் சொல்தாக்கள், ஃபிரிட்ஜும் தையல் மிஷினும் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு வீட்டையே கப்பலில் ஏற்றி வந்தார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, இரண்டு சக்கரம் வைத்த தகர வீடு. அவர் அதைக் கரவான் என்றார். முத்தியால்பேட்டைத் தெருக்காரர்கள் வண்டிவீடு என்றார்கள். இழுக்கத்தான் கார் இல்லை. சென்னைத் துறைமுகத்திலிருந்து லாரியில் வந்து தோட்டத்தில் இறங்கியது, அதோடு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்கள். மேசையை மடக்கினால் கட்டிலாவதையும், சுவரோடு ஒட்டிய சின்னத் தொட்டியையும், கூரையில் புகை போகத் திறந்து மூடுகிற ஜன்னலையும் சக்கரபாணி ஒவ்வொன்றாகக் காட்டுவார். பட்டாளத்தில் குடும்ப வீடு கிடைக்காத காலத்தில் மூன்று வருடம் இதில்தான் இருந்தார்களாம். கோடையில் கடலோரம், பக்கத்தில் பெல்ஜியம்காரன், எதிரே ஜெர்மன்காரன், சாயங்காலமானால் பாட்டும் ஒயினும். ராஜா மாதிரி இருந்தோம் என்பார்.

அவர் மனைவி ராஜாம்பாள் வீட்டுக்குள்ளிருந்தே எல்லோருக்கும் காப்பி கொடுத்தனுப்புவாள். கரவான் பக்கமே போகமாட்டாள். பிள்ளை இல்லாத குறை, அதனால்தான் சிடுசிடுப்பு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சக்கரபாணியும் அதை மறுக்கவில்லை.

அவருடைய தங்கை மகள் அன்னக்கிளிக்கு மில் தொழிலாளி இராமதாஸைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். 1978இல் மில் மூடிக் கிடந்தது. குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கைக்குழந்தையோடு வந்து நின்றவர்களிடம் சக்கரபாணி கரவானின் சாவியைக் கொடுத்தார். ராஜாம்பாள் வேண்டாம் என்றாள். வீட்டிலேயே ஒரு அறையில் இருக்கட்டும் என்றாள். புருஷனும் பெண்டாட்டியும் தனியாக இருப்பதுதான் நல்லது என்று அவர் முடித்துவிட்டார்.

வெயில் காலம் முழுக்க அந்தத் தகரத்துக்குள் அவர்கள் வெந்தார்கள். ராஜாம்பாள் தினமும் கதவுவரை போய், உள்ளே ஏறாமலே குழந்தையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். நாளாக ஆக அன்னக்கிளிக்கு அது பிடிக்கவில்லை. குழந்தையைத் தன்னிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லி அழுதாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கூரை ஜன்னலின் மூடி வெயிலில் வெடித்துப்போயிருந்தது. தண்ணீர் கட்டில்மேல் ஒழுகியது. சக்கரபாணி ஸ்டூல் போட்டு ஏறி, பழைய வேட்டியைச் சுருட்டி அந்த ஓட்டையில் திணித்துவிட்டு இறங்கினார். கீழே அன்னக்கிளி ஈரத் துணிகளைக் காயவைக்கக் கரியடுப்பை மூட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ராஜாம்பாள் வீட்டு வாசலிலிருந்து இதைப் பார்த்தாள். மழையிலேயே ஓடி வந்து கதவைத் திறந்தாள். அத்தனை வருடத்தில் முதல்தடவையாக உள்ளே ஏறி, அடுப்பை எடுத்து வெளியே வீசினாள். ஸ்டூலில் ஏறி வேட்டியைப் பிடுங்கினாள். குழந்தைமேல் தண்ணீர் கொட்டியது.

அன்னக்கிளி குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு கத்தினாள். "ஒண்ணு பெத்திருந்தா தெரியும் அத்தை உங்களுக்கு."

"பெத்தேன்" என்றாள் ராஜாம்பாள். "எம் பொண்ணு இதே கட்டில்லதான் செத்துச்சு."

இராமதாஸ் சக்கரபாணியைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

பிரான்சில் பனி கொட்டுகிற ஒரு நாள், குளிர் உள்ளே வராமலிருக்க அவர் அந்த ஜன்னலில் கம்பளியை அடைத்துவிட்டு வேலைக்குப் போனார். உள்ளே கணப்பு எரிந்தது, புகை போக வழியில்லை. திரும்பி வந்தபோது குழந்தை உயிரோடு இல்லை. ராஜாம்பாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. சக்கரபாணி பதில் சொல்லிவிட்டு, அவளைத் தலையாட்டச் சொன்னார். அவள் ஆட்டினாள். அவர் பேச்சில் மா ஃபாம், மா ஃபாம் என்று திரும்பத் திரும்ப வந்தது மட்டும் காதில் நின்றது. என் பெண்டாட்டி என்று அர்த்தம். ஒரு வருடம் கழித்துத்தான் அது அவளுக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் அவள் நனைந்துகொண்டே சொன்னாள். கடைசியில் அவரிடம் திரும்பினாள். "நாந்தான் அடைச்சேன்னு சொன்னீங்க. இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

சக்கரபாணி இராமதாஸிடம் மெதுவாகச் சொன்னார். "அதுலேந்து அவளுக்குப் புத்தி சரியில்லப்பா. வெளிய சொல்லிக்கிறதில்ல."

மறுநாளே அன்னக்கிளி குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இராமதாஸ் பெரிய மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போனான். சொந்தக்காரர்கள் பேசித் தீர்த்தார்கள்: அடைத்தது யாராக இருந்தால் என்ன, கட்டின புருஷனை நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்கலாமா? குழந்தை உள்ள பெண்கள் அவளிடம் குழந்தையைத் தர யோசித்தார்கள். அவரை மட்டும் முன்போலவே கல்யாணங்களில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

அவர் கரவானில் படுக்க ஆரம்பித்தார். சாப்பாடு வீட்டிலிருந்து போகும். பேச்சு கிடையாது. ஏழு வருடம் அப்படியே போனது.

1985இல் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி எழ முடியாமல் போனதும் வீட்டுக்குள் தூக்கி வந்தார்கள். ராஜாம்பாள்தான் உடம்பு துடைத்துவிட்டாள், கஞ்சி ஊட்டினாள். அவர் கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு காலையில் அவள் ஒன்று கேட்டாள். குழந்தையை அடக்கம் செய்தபோது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்; இடத்தைப் பார்த்ததில்லை. பின்னால் எத்தனையோ முறை கேட்டும் அவர் சொல்லவில்லை.

"எந்தக் கல்லறையில வச்சீங்க? அதையாவது சொல்லிட்டுப் போங்க."

"இப்ப எதுக்கு அது" என்றார்.

அந்த வாரமே இறந்துபோனார். கருமாதி முடிந்ததும் ராஜாம்பாள் பழைய இரும்புக்காரர்களைக் கூப்பிட்டுக் கரவானை வெட்டச் சொன்னாள். ஆசை ஆசையாகக் கொண்டுவந்ததை இவ்வளவு சீக்கிரம் அழிக்கிறாளே என்று நாத்தனார் வாய்விட்டு அழுதாள். இராமதாஸ் தயங்கித் தயங்கி வந்து, தள்ளுவண்டி செய்துகொள்ள அந்தச் சக்கரங்கள் கிடைக்குமா என்று கேட்டான்.

எடுத்துக்கோ என்றாள் ராஜாம்பாள். அவன் கழற்றி முடிக்கும்வரை வெயிலில் நின்றாள். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பள்ளிக்கூடம் போகிறது என்றான். ஒருநாள் கூட்டி வா என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.